இருநூற்று நாற்பது களாச் செடிகள்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நானும் வாலுவும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? விரலில் களா முள் ஏறிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் இஸ்திரிக் கடைக்காரர் எழுதித் தருகிறார் என்று சொல்லியிருந்தாய். அது நவம்பர் மாதக் கடிதம். இன்னுமா ஆறவில்லை? இருபது வருடமாகத் தாவரத் தோட்டத்தில் செடியோடு குடித்தனம் நடத்துகிறவனை ஒரு முள் இத்தனை நாள் படுத்தி வைக்குமா?

விஷயத்துக்கு வருகிறேன். களாச் செடிகள் பூத்துவிட்டன. இருநூற்று நாற்பதும். இலை தெரியாத அளவுக்கு வெள்ளை. வாசனை அறைக்குள் வந்து, சாப்பிட உட்கார்ந்தால் தொண்டையை அடைக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னம்மா, தோட்டம் அமோகமா இருக்கே" என்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். போன வருடமும் இப்படித்தான் பூத்தது. ஒரு காய் பிடித்ததா? அதற்கு முந்தின வருடம் கொஞ்சம் பூத்தபோது, "சின்னச் செடி, பொறு" என்றாய். பொறுத்தேன். இனிப் பொறுக்க நாள் இல்லை.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். வாலுவின் அப்பா காலமான பிறகு, அவளுடைய பெரியப்பா இந்த நிலத்தை மூன்று வருடத்துக்கு என் கையில் விட்டார். இந்த செப்டம்பர் முப்பதுக்குள் ஒரு கூடைப் பழம் காட்ட வேண்டும். காட்டினால் நிலம் எனக்கு. இல்லையென்றால் நிலமும் இந்த இரண்டு அறையும் அவருக்கு. அவர் தன்னுடைய சிமெண்டுக் குழாய்களை அடுக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறார். கூடையையும் அவரே வாங்கிக் கொடுத்தார். நல்ல பெரிய கூடை. இங்கே ஆணியில் தொங்குகிறது. நிலம் போனால் நான் அவர்கள் வீட்டு அடுப்படிக்கு. வாலுவை, தூரத்தில் இருக்கும் அவருடைய மகள் வீட்டுக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அனுப்புவார்களாம். இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒன்பது வயது, தம்பி.

களா வை என்று சொன்னது நீ. உன் தோட்டத்திலிருந்து கன்றுகளை அனுப்பியதும் நீ. ஆடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது, முள்ளே வேலி, வருடம் முழுக்கப் பச்சை, சாதாரணக் களா மாதிரிக் கறுக்காமல் பழம் சிவப்பாகவே நிற்கும், ஜாம் போடுகிறவர்கள் வீடு தேடி வருவார்கள் என்றாய். நீ சொன்னதில் பழத்தைத் தவிர மற்றதெல்லாம் நடந்துவிட்டது.

நான்கு பூக்களைத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். நீ பிரித்துப் பார்த்தால் என்ன குறை என்று தெரிந்துவிடும். உடனே எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் வாலுவும் நலமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். விரல் பரவாயில்லை. ஆனால் பேனா பிடித்தால் வலிக்கிறது. இஸ்திரிக் கடைக்காரர் சட்டை தேய்க்கிற மேசையிலேயே தாளை விரித்து எழுதித் தருகிறார். அவருடைய எழுத்து என்னுடையதைவிட அழகு, ஆகவே உனக்கு லாபம்தான்.

பூக்களைப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. ஐந்து இதழும் ஒழுங்காக, ஒரே பக்கம் திரும்பிய காற்றாடி மாதிரி இருக்க வேண்டும், அப்படியே இருக்கிறது. தண்ணீரைக் குறை. களா கொஞ்சம் வாடினால்தான் காய்க்க நினைக்கும். உள்ளே நெருக்கமாக இருக்கும் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடு. கழிக்கும்போது ஜாக்கிரதை. முள் ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்றுக்குத் தப்பினால் இன்னொன்று பிடிக்கும். வெட்டின இடத்தில் வருகிற பாலை வாலு வாயில் வைத்துவிடப் போகிறாள். இந்தச் செடியில் பழுத்த பழத்தைத் தவிர எதுவும் வாய்க்கு ஆகாது.

ஜூனுக்குள் பிஞ்சு பிடிக்கும். கவலைப்படாதே. தோட்டத்தில் வேலை அதிகம், அதனால் தாமதமாகிவிட்டது. வாலுவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் விரல் எப்படி? உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை மாதமாகிறது, தெரியுமா?

நீ சொன்னபடி தண்ணீரைப் பாதியாக்கினேன். கிளை கழித்தேன். இரண்டு முழங்கையும் பூனையோடு சண்டை போட்ட மாதிரி இருக்கிறது. பால் பட்டு ரவிக்கையெல்லாம் கறை. எல்லாம் பண்ணி என்ன? பூ மலர்கிறது, நாலு நாளில் காம்போடு கழன்று விழுகிறது. வாலு காலையில் துடைப்பத்தால் கூட்டிக் குவித்து, கிலோ என்ன விலை என்று என்னிடமே வியாபாரம் பேசுகிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நேற்று அவளுடைய பெரியப்பா வந்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயம். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலே அடி வைத்து அளந்தார். "அம்பத்திரண்டு, அம்பத்திமூணு" என்று எண்ணிக்கொண்டே என் முன்னால் வந்து நின்று, "பூ நல்லாத்தாம்மா இருக்கு. பூவைக் கூடையில போட்டுக் காட்டாதே, அவ்வளவுதான்" என்றார். போகும்போது வாலுவுக்கு ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார்.

இரவெல்லாம் யோசித்து, இன்று காலை நானே ஒரு பூவைக் கீறிப் பார்த்தேன். நீளமான குழலுக்குள் நடுவில் ஒரு குச்சி. அதன் தலைக்குச் சமமாக ஐந்து குட்டிப் பைகள். விரலில் வைத்துத் தேய்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. பத்துப் பூ கீறினேன், பத்தும் அதே. வேறு பூக்களில் மஞ்சளாகப் பொடி ஒட்டுமே, இதில் ஏன் இல்லை? சரியாகத் தெரிய வேண்டும் என்று பெரிதாகப் படமும் வரைந்து இதோடு வைக்கிறேன். பார்த்துச் சொல். இல்லாவிட்டால் இரண்டு நாள் லீவு போட்டு வந்துவிட்டுப் போ. உன் கண்ணால் ஒரு தடவை பார்த்தால் போதும் எனக்கு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

படத்தைப் பார்த்தேன். பூவை அச்சாக வரைந்திருக்கிறாய். எல்லாம் இருக்க வேண்டியபடிதான் இருக்கிறது. இந்த மாதம் லீவு கிடைக்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள், ஒரு வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன். விவரம் பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி

மே 17

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை.

இன்று வாலுவின் கணக்கு நோட்டை எடுத்தேன். நான் வரைந்த பூப்படம் அதற்குள் பத்திரமாக இருந்தது. அவளைக் கேட்டால், "நான் மாமாவுக்கு நாய் வரைஞ்சேன்ல, அதைத்தான் கவர்ல வச்சேன்" என்கிறாள். ஆக உனக்கு வந்தது ஒரு நாய். நாலு கால், ஒரு வால், கழுத்தில் பட்டை. அதைப் பார்த்துத்தான் பூவை அச்சாக வரைந்திருக்கிறாய் என்று எழுதினாயா?

நீ தாளைப் பிரிக்கவே இல்லை. பிப்ரவரியில் அனுப்பிய பூக்களையும் பிரித்திருக்கமாட்டாய். இஸ்திரிக் கடையில் நின்றபடியே ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். காதில் பூச்சுற்ற உனக்கு வேறு காது கிடைக்கவில்லையா? நான் இங்கே முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு, நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மருந்துச் சீட்டு மாதிரிக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாலு மாதம், தம்பி. நாலு மாதம் போய்விட்டது.

இன்று வாலுவின் பெரியப்பா ஆட்கள் முதல் லாரிக் குழாயை வேலி ஓரமாக இறக்கிவிட்டுப் போனார்கள். "சும்மா வச்சிட்டுப் போறோம்க்கா, அடுத்த மாசம் எடுத்துப்போம்" என்றார்கள். யாரிடம் கதை சொல்கிறார்கள்? வாலு அந்தக் குழாய்க்குள் புகுந்து "அம்மா" என்று கூப்பிட்டு எதிரொலி கேட்டு விளையாடுகிறாள். அடுத்த வருடம் அவள் எங்கேயிருந்து கூப்பிடுவாளோ, எனக்குக் கேட்குமோ தெரியாது.

உனக்கு என் மேல் அக்கறை இல்லையென்றால் இல்லை என்று எழுது. பூசி மெழுகாதே. இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

அக்கா

ஜூன் 2

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். நான்தான் உங்கள் தம்பிக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற இஸ்திரிக்காரன். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இத்தனை நாள் அவர் சொன்னதை மட்டும் எழுதினேன், என் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். வாசித்து முடித்த பிறகு இரண்டு நாள் நான் சரியாகத் துணி தேய்க்கவில்லை. ஒருவருடைய வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டேன்.

அம்மா, அவருக்குக் கண் தெரியவில்லை.

விரலில் முள் ஏறவே இல்லை. கட்டும் இல்லை. கண் மங்கி மூன்று நாலு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். தாவரத் தோட்டத்து வேலை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் பைகளில் மண் நிரப்புகிறார். அதற்குக் கை போதும்.

அந்த நாய்ப் படத்தை அவர் நாளெல்லாம் சட்டைப் பையில் வைத்திருந்தார். முகத்துக்கு ஓரமாகப் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எங்கக்கா பூவை எப்படி வரைஞ்சிருக்கா பாருங்க" என்று என்னிடமே காட்டினார். நாய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அது என் தப்பு. அதையும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

அவர் உங்களைக் கை கழுவவில்லை. ஏப்ரலிலிருந்து தினமும் மாலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஊரிலுள்ள வேலியெல்லாம் ஏதோ தேடுகிறார். என்ன என்று கேட்டால் மென்று முழுங்குகிறார். இந்தக் கடிதம் எழுதியதை இன்று மாலை அவரிடம் நானே சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இஸ்திரிக் கடைக்காரன்

ஜூன் 9

அக்கா,

இது என் கையெழுத்து. வரி மேல் வரி விழுந்தால் மன்னித்துக்கொள். அட்டையை வைத்து அதன் விளிம்போடு எழுதுகிறேன். உன் உடம்பைக் கேட்க எனக்கு இப்போது வாயில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் களாவில் இரண்டு வகைச் செடி உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்றின் பூவில் பொடி, அதாவது மகரந்தம், இருக்கும், காய் பிடிக்காது. இன்னொன்றில் பொடி இருக்காது, ஆனால் பொடி வந்து சேர்ந்தால் காய்க்கும். நீ ஏப்ரலில் எழுதினாயே, பைகள் குச்சிக்குச் சமமாக இருக்கின்றன, விரலில் ஒன்றும் ஒட்டவில்லை என்று. அந்த வரியை வாசிக்கக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. படம் தேவையே இருக்கவில்லை.

உன் தோட்டத்தில் இருப்பது எல்லாம் இரண்டாவது வகை. எல்லாமும். ஏனென்றால் நீ நட்டது இருநூற்று நாற்பது செடி இல்லை, அக்கா. ஒரே செடி.

களாக் குச்சியை அப்படியே வெட்டி நட்டால் வேர் விடாது. கிளையைப் பாதி வெட்டி, வளைத்து, தாய்ச் செடியிலேயே தொங்க விட வேண்டும். இரண்டு மாதம் பால் வடிந்து, காயம் மேடு தட்டிய பிறகு வந்து எடுத்து மணலில் வைக்க வேண்டும். எனக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கிவிட்டது. நேராகப் பார்த்தால் நடுவில் ஓர் அழுக்குத் துணி தொங்குகிற மாதிரி. பத்துச் செடியில் பரவலாக வெட்டினால், இரண்டு மாதம் கழித்து வந்து அந்தக் கிளைகளை எப்படிக் கண்டுபிடிப்பேன்? எங்கள் தாவரத் தோட்டத்து வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பெரிய புதர். கதவிலிருந்து பதினோரு அடி. அதில் மட்டும் வெட்டினேன், இரண்டு தவணையாக. தடவிப் பார்த்தே எல்லாவற்றையும் எடுத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். தெரிந்துதான் செய்தேன். உன் ஊரில் ஏதாவது வேலியில் ஒரு களா இருக்கும், பூச்சி பார்த்துக்கொள்ளும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு உண்மையைச் சொன்னால் கண்ணையும் சொல்ல வேண்டும். நீ நம்பி நிற்பது என் ஒருவனைத்தான். நானும் குருடன் என்று தெரிந்தால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். தாவரத் தோட்டத்துக் களாவையெல்லாம் பிடுங்கிவிட்டார்களாம். வெளியே பொடிச் செடி ஒன்றைத் தேடிப் பிடித்து, பூவை அனுப்பிவிட்டு, மற்றதை மறைத்துவிடலாம் என்று நாளைக் கடத்தினேன். உன் நாலு மாதத்தைத் தின்றது நான்தான்.

நேற்று கிடைத்துவிட்டது. இங்கே ஒரு மருந்தகத்தின் பின்சுவரில். கண் இல்லாமல் எப்படி என்றால், பூவைக் கீறி உதட்டில் வைத்துப் பார்க்கிறேன். பொடி இருந்தால் உதட்டில் மாவு மாதிரி ஒட்டும். ஏப்ரலிலிருந்து எத்தனை வேலிப் பூவை உதட்டில் வைத்திருப்பேன், தெரியாது. உதடு வெந்து கிடக்கிறது. பரவாயில்லை.

நாளை காலை பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடேயே ஒரு தகர டப்பாவும் வரும். ஈரத்துணியில் பூக்கள் இருக்கும். அன்றே மாலைக்குள் வேலையை முடிக்க வேண்டும். துடைப்பக் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, இந்தப் பூவின் பொடியை எடுத்து, உன் பூவின் குழலுக்குள் குச்சித் தலையில் தடவு. ஒரு பூவுக்கு ஒரு தடவல் போதும். பழுக்க மூன்று மாதம் பிடிக்கும். நீயே எண்ணிப் பார். நாள் சரியாகத்தான் இருக்கிறது, மீதி ஒன்றும் இல்லை.

தம்பி

ஜூலை 1

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் உதடு ஆறியதா?

உன் கடிதத்தை ஜன்னலில் ஒட்டவைத்துப் பிடித்து, வெளிச்சத்தில் வரியைப் பிரித்துப் பிரித்து வாசித்தேன். வாசிக்க அரை நாள் ஆனது. முடித்ததும் மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வராததை வந்தது என்று எழுதினால் நானும் உன்னை மாதிரி ஆகிவிடுவேன். கோபம் இருக்கிறது. நீ குருடாகிக்கொண்டிருந்தபோது, படம் வரைந்தேன் பார், பூவைப் பிரித்துப் பார், உன் கண்ணால் பார் என்று நான் எழுதிக்கொண்டிருந்ததை நினைத்தால் என் மேலேயும் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

முதல் டப்பா வீண். பஸ்காரர் எஞ்சின் மூடி மேல் வைத்துவிட்டார், பூவெல்லாம் வெந்து பழுப்பாகிவிட்டது. நடுத்தெருவில் நின்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே கால் மணி நேரம் தாமதம். இரண்டாவது டப்பாவை டிரைவர் தன் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். அதற்குள் எங்கள் செடியில் பூ குறைந்துவிட்டது. இருக்கிற பூவை நானும் வாலுவும் தேடித் தேடித் தடவினோம். அவள் உயரத்துக்கு அவள், என் உயரத்துக்கு நான். தடவிய பூவின் காம்பில் சிவப்பு நூல் கட்டினோம். அடுத்த இரண்டு நாளும் டப்பா வந்தது. மூன்று நாளில் நூற்றுப் பத்து நூல். வாலுவின் கன்னத்தில் ஒரு முள் கீறல், கண்ணுக்கு ஒரு விரல்கடை தள்ளி. அன்றைக்கு அவளை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள், "வலிக்கலைம்மா, விடு, பூ வாடிடும்" என்கிறாள்.

நேற்று பார்த்தேன். நூல் கட்டிய காம்புகளில் சிலவற்றில் பூ விழுந்தும் அடி விழவில்லை. கடுகுக்குக் கொஞ்சம் பெரிதாகப் பச்சையாக ஒன்று. தொட்டுப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

உனக்கு எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை, ஒளிக்காமல் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதச் சொன்னால் இஸ்திரிக் கடைக்காரர் பேனாவை வைத்துவிட்டு முறைக்கிறாராம். முறைப்பது எனக்குத் தெரியாது, அவரே சொல்கிறார். ஆகவே உண்மையை எழுதுகிறேன். ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது. கதவு தெரியும், கதவில் நிற்பவர் முகம் தெரியாது. ஓரமும் குறைந்துகொண்டு வருகிறது.

பிஞ்சு பிடித்தது கேட்டு, அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். இனித் தண்ணீரைக் கூட்டு, ஆனால் ஒழுங்காக. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டினால் பிஞ்சு உதிரும்.

ஒரு கெட்ட செய்தி. மருந்தகத்துப் பின்சுவரை இடித்துக் கட்டுகிறார்கள். பொடிச் செடியை வேரோடு தோண்டி எறிந்துவிட்டார்கள். அதில் ஆறு கிளையை ஜூனிலேயே பாதி வெட்டித் தொங்க விட்டிருந்தேன். கேள்விப்பட்டு ஓடினோம். குப்பைக் குவியலில் கை விட்டுத் தேடி இரண்டை மட்டும் எடுத்தேன். காயம் மேடு தட்டியிருக்கிறது, மணலில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை முள் நிஜமாகவே உள்ளங்கைக்குள் போய்விட்டது. கட்டும் நிஜம். நீ சிரிப்பாய் என்று சொல்கிறேன்.

இன்னொன்று. பழம் பழுத்தால் விதையை எறியாதே. குச்சியில் வந்தது தாய் மாதிரியே இருக்கும், விதையில் வருவது அப்படி இல்லை. இரண்டு வகையும் கலந்து வரும்.

வாலுவின் கன்னம் ஆறிவிட்டதா?

உன் தம்பி

செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

வாலுவின் கன்னம் ஆறிவிட்டது, கோடு மட்டும் இருக்கிறது. உன் கை? அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

நூற்றுப் பத்து நூலில் அறுபத்தொன்று காய் ஆனது. இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் பதினேழு உதிர்ந்தது. பறவை ஒன்பதைக் கொத்தியது. மீதி முப்பத்தைந்து. வாலு தன் பழைய பாவாடையைக் கிழித்துச் செடிக்குச் செடி கட்டிவிட்டு, பள்ளிக்குப் போகாமல் தகரத்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். போ என்று விரட்ட எனக்கு மனசு இல்லை.

இரண்டு பழம் சிவந்துவிட்டது. இப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை, தம்பி. மினுமினு என்று, பச்சை இலைக்குள். மற்றதெல்லாம் இன்னும் பச்சை. இன்னும் பதினாறு நாள்தான். ஆணியிலிருந்து கூடையை எடுத்து அந்த இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஒரு மூலைக்கு உருண்டுபோய்விட்டது. முப்பத்தைந்தும் பழுத்தாலும் அடி மறையாது. எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் தினமும் விடிந்ததும் ஓடிப்போய் எண்ணுகிறேன்.

சீக்கிரம் சிவக்க ஏதாவது வழி உண்டா? இல்லையென்றால் இல்லை என்றே எழுது.

வாலுவின் பெரியம்மா அவளுக்கு இரண்டு பாவாடை தைத்து வைத்திருக்கிறாளாம், ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ள. அளவு எடுக்க ஆள் வந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்கா

அக்டோபர் 1

அன்புத் தம்பிக்கு,

வழி இல்லை என்ற உன் இரண்டு வரி கிடைத்தது. உண்மையை எழுதியது நல்லது. உடம்பைப் பார்த்துக்கொள், ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

நேற்று வாலுவின் பெரியப்பா வந்தார், சொன்ன நாளுக்குச் சொன்ன நேரத்தில். இருபத்தொன்பது சிவப்புப் பழம் கூடையில் இருந்தது. வாலு அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் குவித்து, நிறையக் காட்ட என்னவெல்லாமோ செய்து பார்த்திருந்தாள், பாவம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே செடி, பொடி, தகர டப்பா, சிவப்பு நூல். அடுத்த வருடம் உன்னிடமிருக்கும் இரண்டு குச்சி வளர்ந்தால் எல்லாச் செடியும் காய்க்கும் என்று சொன்னேன். ஒரு வருடம், ஒரே ஒரு வருடம் என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். விழுந்தேன் என்றே வைத்துக்கொள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு பழத்தை எடுத்து வேட்டியில் துடைத்து, கடித்து, நிதானமாக மென்றார். உதட்டில் ஒட்டிய பாலைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். "ஆனா கூடைன்னுதானே பேச்சு?"

அவ்வளவுதான். கத்தினால் நானும் கத்தியிருப்பேன். வெள்ளிக்கிழமை டிராக்டர் வருமாம். அதற்குள் சாமான்களைக் கட்டிவைக்கச் சொன்னார். வாலுவை ஞாயிற்றுக்கிழமை அனுப்பலாம் என்றார்.

உன்னால்தான் நிலம் போனது. இதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்குள்ளேயே புழுங்கும். பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால், பூத்த பூவுக்கெல்லாம் பொடி தடவியிருப்போம். அந்தக் கூடை வழிந்திருக்கும். இனி இதைப் பற்றி நான் பேசமாட்டேன். நீயும் பேசாதே.

வாலுவை நான் அனுப்பப் போவதில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் வருகிறோம். உன் அறை எவ்வளவு சின்னது என்று எழுதவேண்டாம். மண் வேலை எனக்கும் தெரியும். மூன்று வருடம் அதைத்தானே செய்தேன்? நீ பையைப் பிடி, நான் நிரப்புகிறேன். உன் கடிதமெல்லாம் இனி நான் எழுதுகிறேன். இஸ்திரிக் கடைக்காரர் சட்டைகளைக் கருக்காமல் இருக்கட்டும்.

கூடையை எடுத்துக்கொண்டு வருகிறேன், அது என் கூலி. அதில் இருபத்தெட்டுப் பழம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு விதை இருக்கும். அதில் ஒன்றை வாலு உனக்கென்று தனியாக இலையில் சுற்றி வைத்திருக்கிறாள். ஒரு நாயும் வரைந்திருக்கிறாள். இந்தத் தடவை, இது நாய், மாமா என்று சொல்லிக் கொடுப்பாளாம்.

பஸ் நிலையத்தில் வந்து நில். எங்களைத் தேடாதே, இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காதே. தூணோரமாக ஓரிடத்தில் நின்றால் போதும். நான் உன்னைப் பார்த்துவிடுவேன்.

உன் அக்கா